ஆண்மையும் பெண்மையும் இணைச்சொற்களா?

‘மாஸ்குலினிட்டி’, ‘ஃபெமினினிட்டி’ என்ற ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் ஆண்மை, பெண்மை என்று போட்டுவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். பெண்மையில் பெரிய தகராறு இல்லை. பெண் + மை, பெண்ணின் தன்மை. சிக்கலெல்லாம் ஆண்மையில்தான்.

ஆண் + மை என்று பிரித்தால் ஆணின் தன்மை. ஆள் + மை என்று பிரித்தாலும் சொற்புணர்ச்சியில் ஆண்மைதான் வரும்; கேள் + மை கேண்மை ஆவதைப் போல, வெள் + மை வெண்மை ஆவதைப் போல. அப்போது பொருள் ஆளும் தன்மை. மேலாண்மையில் இருப்பது இந்த ‘ஆள்’தான், மீசைக்கு அங்கே வேலையில்லை.

‘நல்லாண்மை என்பது ஒருவற்குத் தான்பிறந்த இல்லாண்மை ஆக்கிக் கொளல்’ (குறள் 1026). இல்லாண்மைக்குப் பரிமேலழகர் தரும் பொருள், குடியை ஆளும் தன்மை. குறள் 148 இன்னும் சுவையானது. பிறன்மனை நோக்காமையைப் பேராண்மை என்கிறது. தன்னைத் தானே ஆள்வது! இன்றைய லேகிய விளம்பரங்கள் ஆண்மை என்று எதைச் சொல்கின்றனவோ, அதற்கு ஏறக்குறைய நேர் எதிர்.

பெண்மைக்கும் வேறு முகங்கள் உண்டு. ‘நம் பெண்மை உடைக்கும் படை’ (1258) வருவது நிறையழிதல் அதிகாரத்தில்; அங்கே பெண்மை என்றால் மன உறுதியாகிய நிறை. பாரதி ‘பெண்மை வாழ்க’ என்று கூத்தாடியபோது அது பெண்குலம்.

தொல்காப்பியம் களவியலில் பெருமையும் உரனும் ஆணுக்கு, அச்சமும் நாணும் மடனும் பெண்ணுக்கு என்று பங்கு பிரிக்கிறது. அதே நூலின் சொல்லதிகாரத்திலோ ‘பெண்மை சுட்டிய’, ‘ஆண்மை திரிந்த’ என்று இரு சொற்களும் வெறும் பால் குறியீடுகளாக வருகின்றன. குணப்பட்டியல் எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை.

ஆகவே, சமூகம் ஆணிடமும் பெண்ணிடமும் எதிர்பார்க்கும் இயல்புகளை ஆராயும் கட்டுரையில் ஆண்தன்மை, பெண்தன்மை என்று எழுதுவதே என் வழக்கம். புகழ்ச்சியும் வராது, வசவும் வராது. ஸ்திரீத்துவம், புருஷத்துவம் இப்போது அதிகம் புழங்குவதில்லை, விட்டுவிடலாம். பர்சனாலிட்டிக்கு ஆளுமை இருக்கிறது. அதுவும் ‘ஆள்’ பெற்ற பிள்ளைதான், இருபாலாருக்கும் பொது.

எனக்கு உறுத்துவது ‘ஆண்மைக்குறைவு’. விறைப்புக் குறைபாடு வேறு, விந்தணுக் குறைவு வேறு. காரணமும் மருத்துவமும் வேறு வேறு. இரண்டையும் ஆண்மை போனது என்று ஒரே சொல்லில் அடைத்ததால், விறைப்புக் குறைபாட்டுக்குக் காரணமாக இருக்கக்கூடிய, ரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடிய சர்க்கரை நோயைக்கூட வெட்கப்பட்டு மறைக்கிறார்கள்.