எமனைக் கண்டு அல்ல, தாயைத் தேடி

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பக்கத்துத் தெருவில் நாட்டு நாய் போட்ட குட்டி ஒன்றை எடுத்து வந்தோம். பகலெல்லாம் வாலை ஆட்டிக்கொண்டு காலைச் சுற்றி வருகிறது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டால் விடியும்வரை அழுகை. நாய் அழுதால் வாசலில் எமன் நிற்கிறான் என்று அர்த்தம், கடலுக்குப் போகிற ஆம்பளைகள் உள்ள வீடு, கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார் அப்பத்தா. என்ன செய்வது?"

கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் வாலிநோக்கம் பக்கம் வளர்ந்தவன். அதனால் அப்பத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நம்பிக்கையின் விலையைக் குட்டிதான் கொடுக்கிறது. கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐசர்) நாய்களை ஆராயும் அனிந்திதா பத்ராவின் குழு, தெருவில் பிறந்த 364 நாய்க்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தது. ஏழாவது மாதத்தை எட்டியவை நூற்றுக்கு 19தான். இறப்புகளில் பாதிக்கு மேல் மனிதர்களால் நேர்ந்தவை. அழுததற்காகத் திருப்பி விடப்படும் குட்டி இந்தக் கணக்குக்குள்தான் போய்ச் சேர்கிறது.

சரி, அது ஏன் அழுகிறது?

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு குடிசையிலிருந்து குட்டி ஒன்றைத் தூக்கி வந்தேன். அரை கிலோமீட்டராவது இருக்கும். எங்கள் ஊர் ஆண் கடல் பக்கம், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அலைச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது, நிலவும் இல்லை. நடு ராத்திரியில் அப்பா எழுப்பினார். வேலியோரம் அந்தக் குட்டியின் தாய் நின்றுகொண்டிருந்தது. எந்த வீடு, வேலியின் எந்த மூலை என்று அதற்கு யார் சொன்னது? குட்டியே சொல்லியிருக்கிறது. அழுகை அதற்காகவே அமைந்த ஒலி என்று பல வருடங்கள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டு காதுகளை வைத்துத் திசை பிடிப்பது எப்படி என்று முதலில் பார்ப்போம். வலப்பக்கத்துச் சத்தம் வலது காதை முதலில் தொடும், இடது காதுக்குச் சற்றுப் பிந்திப் போய்ச் சேரும். மனிதத் தலையின் அகலத்துக்கே அந்த வித்தியாசம், ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு வராது. நாயின் தலைக்கு இன்னும் குறைவு. இவ்வளவு சின்ன இடைவெளியை மூளை அளக்க வேண்டுமானால், சத்தம் எந்தக் கணத்தில் தொடங்கியது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். மெல்ல எழுந்து, இழுத்துக்கொண்டே போய், மெல்ல அடங்கும் ஒலியில் அந்தத் தொடக்கத்தைப் பிடிக்க முடியாது. பருந்தைப் பார்த்த சிறு பறவைகள் பல அப்படித்தான் மெல்லிசாக இழுத்துக் கத்தும். மற்றவற்றுக்கு எச்சரிக்கை போய்விடும், கத்தியது எங்கே இருக்கிறது என்று பருந்துக்குப் பிடிபடாது.

குட்டியின் அழுகை இதற்கு நேர் எதிர். வெட்டி வெட்டி வரும். ஒவ்வொரு கீச்சும் சட்டென்று தொடங்கிச் சட்டென்று முடியும். ஒவ்வொரு தொடக்கத்திலும் தாயின் மூளைக்கு ஒரு புது அளவு கிடைக்கிறது. தாய் தலையைத் திருப்பி, காது மடலைத் திருப்பி, இன்னொரு முறை அளக்கிறது. பத்து இருபது கீச்சுகளில் பிழை சுருங்கிச் சுருங்கித் திசை கூர்மையாகிவிடும். அலைச் சத்தம் குறுக்கே வராதா என்றால், அது பெரும்பாலும் தாழ்ந்த இரைச்சல். அழுகை உச்சத்தில் போகும் ஒலி. தவில் முழங்கும்போதும் நாயனம் தனியாகக் கேட்கிறதல்லவா, அதே மாதிரி.

பாம்பன் கலங்கரை விளக்கத்தை யோசித்துப் பாருங்கள். அது விட்டு விட்டுத்தான் ஒளி காட்டும். ஒரே சீராக எரிந்தால் கரையில் எரியும் மற்ற விளக்குகளோடு கலந்துவிடும், படகில் வருகிறவருக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. ஒலியால் ஆன கலங்கரை விளக்கம்தான் குட்டியின் அழுகை. இதில் என்னை இன்றைக்கும் உலுக்குவது ஒன்று உண்டு. நாய்க்குட்டி பிறக்கும்போது கண் திறந்திருக்காது, காதும் கேட்காது. கண் திறக்கவே இரண்டு வாரம் ஆகும், காது அதையும் ஒட்டித்தான் திறக்கும். ஆனால் பிறந்த அன்றே கூட்டத்தை விட்டு உருண்டு போனால் அழத் தெரியும். தன் குரல் தனக்கே கேட்காத வயதில், தாய்க்குக் கேட்கும் என்ற ஏற்பாட்டோடு அது பிறக்கிறது.

உள்ளே மூளையில் நடப்பதும் ஓரளவு தெரிந்திருக்கிறது. 1978-ல் மூளை ஆராய்ச்சியாளர் யாக் பாங்க்செப்பும் அவருடன் வேலை செய்தவர்களும் தனியாக விடப்பட்ட நாய்க்குட்டிகளுக்கு, வலி தணிக்கும் மருந்தான மார்ஃபினை மிகக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். தூங்க வைக்கும் அளவு அல்ல, அதைவிட மிகக் குறைவு. அழுகை வெகுவாகக் குறைந்தது. மார்ஃபின் போன்ற பொருள்களை உடம்பே சுரக்கிறது, அவற்றின் பெயர்தான் எண்டார்ஃபின். அவற்றின் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது அழுகை கூடியது. தாயின் சூடும் உடன்பிறப்புகளின் நெருக்கமும் குட்டியின் மூளையில் வலி தணிக்கும் அதே மருந்தைச் சுரக்க வைக்கின்றன என்றும், பிரித்துவிட்டால் அது வற்றிவிடுகிறது என்றும் அவர்கள் இதை விளக்கினார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டு மாத்திரை எதையும் குட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலே நாய்க்கு நஞ்சாகக்கூடும்.)

மூளையைப் பற்றிய இந்த ஆய்வுகள் அயல்நாட்டுக் கூடங்களில் நடந்தவை. நம் கடற்கரையில் வலை உலர்த்தும் இடத்திலும் கருவாட்டுக் களத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளரும் நாய்களைப் பின்தொடர்ந்து எழுத, பெரிய கருவி ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு நோட்டும் இரண்டு மாணவர்களும் அவர்களுக்கு உதவித்தொகையும் போதும். ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய் இனங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிற அளவுக்கு இதற்கும் காசு ஒதுக்கச் சொல்லி நாம் பேச வேண்டும் என்பது என் கட்சி.

இப்போது வாசகியின் வீட்டுக்கு வருவோம். பகலில் ஆள் நடமாட்டம் இருக்கிறது, கால்கள் இருக்கின்றன, வாசனை இருக்கிறது. இரவில் கதவு சாத்திய பிறகு சிமென்ட் தரையும் இருட்டும்தான். ஆகவே பனையோலைப் பெட்டியோ அட்டைப் பெட்டியோ ஒன்றில் பழைய கைலியைப் போட்டு, யாராவது படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அந்தக் கைலியைத் தாய் நாயின் மேல் தேய்த்து எடுத்து வர முடிந்தால் இன்னும் நல்லது. அழும்போதெல்லாம் போய்ப் பார்த்தால் கெட்டுப்போகும் என்பார்கள். முதல் வாரத்தில் அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள், போய்க் குட்டியின் மேல் கையை வையுங்கள். பழகிய பிறகு பகலில் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று தனிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

மற்றவை உங்களுக்கே தெரிந்திருக்கும்: எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கு நோயான பார்வோவுக்குத் தடுப்பூசி தள்ளிப்போகக் கூடாது, மூன்றாவது மாதம் வெறிநோய்த் தடுப்பூசி. கடற்கரை வீடு என்பதால் ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். வலையிலிருந்து கழித்துப் போட்ட பேத்தை மீன் மணலில் கிடக்கும். அதன் நஞ்சு நரம்பையும் மூச்சையும் நிறுத்திவிடும். குட்டி எதையும் வாயில் வைத்துத்தான் பார்க்கும், அதனால் கரையில் அவிழ்த்து விடாதீர்கள்.

அப்புறம், பெட்டியை அப்பத்தாவின் கட்டிலுக்குக் கீழே வைத்துப் பாருங்கள். இரண்டு மாதக் குட்டிக்கு இரவில் ஒன்றிரண்டு முறையாவது மூத்திரம் போக வேண்டும். அப்பத்தாவும் எப்படியும் இரவில் எழுந்திருப்பார். அப்போது அதையும் வாசல் மணலுக்குக் கூட்டிப்போய் வரட்டும். கட்டிலுக்கு மேலே மூச்சுச் சத்தம் கேட்கிற வரைக்கும் குட்டிக்கு யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.