‘கோட்டா குயிக்கி’ தமிழில் என்ன?

1930களின் பிரிட்டிஷ் சினிமாவைப் பற்றி எதைப் படித்தாலும் கொஞ்ச நேரத்தில் இந்தச் சொல் வந்துவிடும்: கோட்டா குயிக்கி. சட்டம் கேட்ட கணக்கை நிரப்புவதற்காக மலிவாக, அவசரமாக எடுத்த பிரிட்டிஷ் படங்களுக்கு இட்ட பெயர் அது. அகராதியைப் பார்த்து மாற்றினால் ‘ஒதுக்கீட்டு விரைவுப் படம்’ என்று வரும். சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் இந்தச் சொல்லைச் சொன்னபோது அதில் இருந்த எரிச்சல் இதில் துளிகூட இல்லை. அந்த எரிச்சல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் சரியான தமிழ்ச் சொல் கிடைக்கும்.

முதலில் இரண்டு பாதிகளையும் பிரித்துப் பார்ப்போம். கோட்டா லத்தீன் சொல். ‘எத்தனையாவது பங்கு’ என்று கேட்கும் கேள்வியிலிருந்து பிறந்தது. நமக்கு இது புதிதில்லை. ரேஷன் கோட்டா, ரயிலில் எமர்ஜென்சி கோட்டா, கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா என்று வாய் நிறையச் சொல்கிறோம். குயிக் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘வேகம்’ என்று பொருளே கிடையாது, ‘உயிருள்ளது’ என்றுதான் பொருள். தேவாலயத்தில் ‘உயிரோடிருக்கிறவர்களையும் மரித்தவர்களையும்’ என்று தமிழில் சொல்கிறார்களே, பழைய ஆங்கில வடிவத்தில் அந்த இடத்தில் உயிரோடிருக்கிறவர்களைக் குறிக்க வருவது இந்தக் குயிக்தான். உயிருள்ளது துடிக்கும், துடிப்பது வேகமாக நகரும், இப்படித்தான் பொருள் மெல்ல மாறியது. கடைசியில் ‘இ’ ஒலி ஒட்டிக் குயிக்கி ஆனபோது, அவசர அவசரமாகச் செய்து முடித்த வேலை என்ற இளக்காரமும் சேர்ந்துகொண்டது.

சரி, எதற்கு அவ்வளவு அவசரம்? 1920களின் நடுவில் பிரிட்டன் தியேட்டர்களில் ஓடிய படங்களில் பிரிட்டிஷ் படம் சுமார் 5 விழுக்காடுதான், மற்றதெல்லாம் பெரும்பாலும் ஹாலிவுட். படம் போகிற வழியில் வியாபாரமும் போகும் என்பது அப்போது அங்கே அடிக்கடி கேட்ட பேச்சு. நம் பிள்ளைகள் அமெரிக்க உடையையும் அமெரிக்கப் பேச்சையும் பார்த்தே வளர்கிறார்களே என்ற கவலையும் இருந்தது. அதனால் 1927ல் திரைப்படச் சட்டம் வந்தது. படத்தை வாங்கி விநியோகிப்பவர் முதல் ஆண்டில் 7.5 விழுக்காடு பிரிட்டிஷ் படம் வைத்திருக்க வேண்டும், தியேட்டர்காரர் 5 விழுக்காடு காட்ட வேண்டும், இரண்டும் படிப்படியாக ஏறிப் பத்து ஆண்டுக்குள் 20 விழுக்காட்டைத் தொட வேண்டும்.

இங்கேதான் நான் நிறுத்தி யோசிப்பது. எது பிரிட்டிஷ் படம்? சட்டம் வைத்த அளவுகோல்களைப் பாருங்கள். தயாரிக்கும் கம்பெனி பிரிட்டிஷ் பேரரசுக்குள் பதிவாகியிருக்க வேண்டும், அதன் நிர்வாகக் குழுவில் பெரும்பாலோர் பிரிட்டிஷ் குடிகளாக இருக்க வேண்டும். ஸ்டூடியோ காட்சிகளைப் பேரரசுக்குள் எடுக்க வேண்டும். திரைக்கதை எழுதியவர் பிரிட்டிஷ் குடி, சம்பளத்தில் முக்கால் பங்கு பேரரசைச் சேர்ந்தவர்களுக்கு. அவ்வளவுதான். கதை எந்த ஊரைப் பற்றியது, யாருடைய வாழ்க்கை, எந்தப் பேச்சு, இவற்றைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. நாட்டின் முகம் திரையில் தெரிய வேண்டும் என்று கேட்டவர்கள், அந்த முகத்தைச் சம்பளப் பட்டியலில் தேடினார்கள்.

பிரிட்டனில் படம் விநியோகித்த ஹாலிவுட் கம்பெனிகளுக்கும் இந்தக் கட்டாயம் உண்டு. கணக்கை நிரப்ப அவர்களுக்கு இது போதும். வார்னர் லண்டனுக்குப் பக்கத்தில் டெடிங்டனில் ஸ்டூடியோ எடுத்தது, ஃபாக்ஸ் வெம்பிளியில், பாரமவுண்டும் ஒரு பிரிட்டிஷ் கிளை வைத்தது. பலகையில் பிரிட்டிஷ் பெயர், முதலாளி அமெரிக்காவில். இதில் உச்சம் என்றால் கனடாவின் விக்டோரியா நகரம்தான். கொலம்பியா கம்பெனி விநியோகிப்பதற்காக அங்கே எடுத்த படங்களும், கனடா பேரரசுக்குள் இருப்பதால், ‘பிரிட்டிஷ் படம்’. அவற்றில் நடித்தவர்களில் ஒருவர், பின்னால் ஹாலிவுட் நட்சத்திரமான ரீட்டா ஹேவொர்த்!

பேரரசு என்றால் நாமும் அதற்குள்தானே. பேரரசுப் படங்களுக்குச் சலுகை கொடுக்கலாமா என்ற கேள்வி இந்தியாவுக்கும் வந்தது. அதை ஆராய்ந்த 1927-28 சினிமாட்டோகிராஃப் குழுவுக்குத் தலைவர் சென்னை வக்கீல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். அப்படிச் சலுகை வேண்டாம் என்றுதான் குழு சொன்னது.

படத்தின் அளவைச் சட்டம் அடிக்கணக்கில் பார்த்தது. பேசும் படச் சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 6,000 அடி எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், கணக்குக்கு ஒரு முழுப் படம். அமெரிக்க விநியோகஸ்தர் வாங்கிக்கொண்டு கொடுத்த விலை அடிக்குச் சுமார் ஒரு பவுண்டு, ஆக ஒரு படத்துக்கு 6,000 பவுண்டு. அதற்குள் எடுத்து முடித்தால்தான் தயாரிப்பாளருக்கு ஏதாவது மிஞ்சும், அதனால் ட்விக்கனம் ஸ்டூடியோவில் ராத்திரி பகல் என்று பார்க்காமல் ஷூட்டிங் நடந்தது. வந்த படத்தைச் சில தியேட்டர்காரர்கள் காலையில், கூட்டிப் பெருக்க வந்தவர்கள் மட்டும் இருக்கும்போது ஓட்டிக் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்றும் சொல்வார்கள்.

இப்போது தமிழுக்கு வரலாம். ஒதுக்கீடு என்றால் நம் காதில் விழுவது, பின்தள்ளப்பட்டவருக்கு உரிமையாகக் கிடைக்கும் இடம். நியாயமான சொல். அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே இருந்தது விநியோகஸ்தர் தலையில் விழுந்த கட்டாயம், ஆகவே கோட்டாவுக்குக் ‘கட்டாயப் பங்கு’ சரியாக இருக்கும். குயிக்கிக்கு ‘விரைவு’ வேண்டவே வேண்டாம், ஏனென்றால் வேகமாக எடுத்தது குற்றமில்லை, நல்ல படங்களையும் வேகமாக எடுத்திருக்கிறார்கள். குற்றம், யாரும் பார்க்க வேண்டும் என்று நினைக்காமல் எடுத்தது. அதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: ஒப்புக்கு. தெருவில் விளையாடும்போது ஆள் கணக்குக்காகச் சின்னப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வோமே, அதே ஒப்புக்கு. ஒத்திருப்பது என்ற வேரிலிருந்து வருவது இது. ஒப்பனையும் ஒப்பேற்றுவதும் இதன் உறவுகள்தான். பிரிட்டிஷ் படம் போல இருக்கிறது, கணக்குக்கு ஒத்துப்போகிறது. ஆக, ‘ஒப்புக்குப் படம்’. எதற்கு ஒப்பு என்று விளக்க வேண்டிய இடத்தில் ‘கட்டாயப் பங்குக்கான ஒப்புக்குப் படம்’ என்று ஒரு தடவை நீட்டி எழுதிவிட்டு, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம்.

1936ல் அரசு அமைத்த மாய்ன் குழு இதையெல்லாம் ஆராய்ந்தது, 1938 சட்டம் குறைந்தபட்சச் செலவு இவ்வளவு என்று வைத்தது. அடிக்கு ஒரு பவுண்டு வியாபாரம் அதோடு படுத்துவிட்டது. கேள்வி மட்டும் படுக்கவில்லை. 2007ல் பிரிட்டன் ‘பண்பாட்டுத் தேர்வு’ ஒன்றைக் கொண்டுவந்தது. கதை, இடம், மொழி, வேலை செய்தவர்கள் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, தேறினால் பிரிட்டிஷ் படம், வரிச் சலுகை உண்டு. 2014ல் சிறந்த பிரிட்டிஷ் படத்துக்கான பாஃப்டா விருதை வாங்கியது ‘கிராவிட்டி’. இயக்குநர் மெக்சிகோக்காரர், நடிகர்கள் அமெரிக்கர்கள், கதை விண்வெளியில், வெளியிட்டது வார்னர். ஆனால் அந்தப் படத்தை உருவாக்கிய கைகள் பெருமளவு பிரிட்டிஷ் கைகள், அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். 1930களில் வந்த மலிவுப் படம் எல்லாவற்றையும் ஒப்புக்குப் படம் என்று எழுதிவிடாதீர்கள். பின்னால் பெரிய இயக்குநரான மைக்கேல் பவல் தொழில் கற்றது இங்கேதான், 1931 முதல் 1936 வரை இருபதுக்கும் மேல் எடுத்திருக்கிறார். பின்னால் நட்சத்திரமான ஜேம்ஸ் மேசன் சினிமாவில் நடிக்க வந்தது இதில்தான். எரால் ஃபிளின் டெடிங்டனில் நடித்ததைப் பார்த்துத்தான் வார்னர் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்துக்கொண்டது. எடுக்கச் சொன்னவருக்கு அது ஒப்புக்கு, எடுத்தவருக்கு அப்படி இல்லை. அந்தப் படங்களில் நிறையப் போய்விட்டன, பிரதி இல்லை. 2010ல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் தொலைந்துபோன 75 படங்களின் பெயரை வெளியிட்டு, யாரிடமாவது இருந்தால் கொடுங்கள் என்று கேட்டது. பவல் இயக்கிய முதல் படம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.