தரவைத் தந்தவர் பெயர் எந்த இடத்தில் தொலைகிறது?

தரவிலிருந்து கணினியைக் கற்கவைக்கும் இயந்திரக் கற்றல் படிக்க வருகிறவர்களுக்கு அனேகமாக முதலில் கிடைக்கும் பயிற்சி ஐரிஸ் பூக்கள்தான். மூன்று இனங்கள், இனத்துக்கு 50 வீதம் 150 பூக்கள், ஒவ்வொரு பூவுக்கும் நான்கு அளவுகள். புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1936இல் தம் கட்டுரையில் இந்த அட்டவணையைப் பயன்படுத்தினார். அதிலிருந்து அது 'ஃபிஷரின் ஐரிஸ்' ஆகிவிட்டது. பூக்களைத் தேடிப்போய் அளவெடுத்தவரோ எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர். மூன்றில் இரண்டு இனங்களை அவர் கனடாவின் காஸ்பே தீபகற்பத்தில் ஒரே மேய்ச்சல் நிலத்தில், ஒரே நாளில் பறித்து, ஒரே கருவியால் அளந்தார். ஃபிஷர் இதை மறைக்கவும் இல்லை. கட்டுரையிலேயே ஆண்டர்சனைக் குறிப்பிட்டிருக்கிறார். பெயர் உதிர்ந்தது அதற்குப் பிறகு, அட்டவணை கைமாறிக் கைமாறிப் போனபோது.

இப்படிக் கற்கும் கணினி மாடல்களுக்கான பயிற்சித் தரவைத் திரட்டிச் சுத்தம் செய்து கொடுப்பது என் தொழில். இந்தத் துறையில் பெரும்பாலும் பெயர்கள் தொலைவது இப்படித்தான். தெரிந்தே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட அதிகம் நடப்பது, அன்றாட வேலையின் நடுவே யாரும் கவனிக்காமல் பெயர் விழுந்துபோவது.

ஓர் இணையப் பக்கத்திலிருந்து உரையை மட்டும் பிரித்தெடுக்கும் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். மெனு, விளம்பரம், அடிக்குறிப்பு எல்லாவற்றையும் அது குப்பையென்று ஒதுக்கும். எழுதியவர் பெயரும் பதிப்புரிமை வரியும் பக்கத்தின் ஓரங்களில்தான் இருக்கும். அவையும் சேர்ந்து போகும். புகைப்படங்களைச் சிறிதாக்கி ஒரே அளவுக்குக் கொண்டுவரும்போது, கோப்புக்குள் எடுத்தவர் பதிந்துவைத்த விவரங்கள் பல நேரம் அழிந்துவிடும். நிரல் கோப்புகளின் தலையில் இருக்கும் உரிமக் குறிப்பு லட்சக்கணக்கான கோப்புகளில் அப்படியே திரும்பத் திரும்ப வருவதால், 'நகல்' என்று நீக்கப்படும். அட்டவணையில் 'சேகரித்தவர்' என்றொரு பத்தி இருந்தால் மாடல் கற்க அது உதவாது, அதுவும் காலி. ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான். எல்லாம் முடிந்தபின் கையில் இருப்பது யாருடையது என்று சொல்ல முடியாத ஒரு குவியல்.

பிறகு குவியல்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. 2023இல் தரவு மூலங்களைத் தணிக்கை செய்த ஆய்வுக் குழு ஒன்று 1,800க்கும் மேற்பட்ட தொகுப்புகளைத் துருவிப் பார்த்தது. பலரும் பயன்படுத்தும் களஞ்சியத் தளங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் உரிமத் தகவலே விடுபட்டிருந்தது. உரிமப் பதிவுகளில் 50 சதவீதத்துக்கும் மேல் பிழை. இந்த வேலையில் இருப்பவர்களை இந்த எண்கள் ஆச்சரியப்படுத்தாது.

பெயர் சொல்வது ஒரு மரியாதை, நேரம் கிடைத்தால் செய்யலாம் என்று நினைக்கும் பொறியாளர்கள் நிறைய உண்டு. அவர்களிடம் நான் மரியாதை பற்றிப் பேசுவதில்லை, எம்னிஸ்ட் பற்றிப் பேசுவேன். கையால் எழுதிய எண்களை அடையாளம் காணப் பழக்கும் 70,000 படங்கள் கொண்ட தொகுப்பு அது. மூலப் படங்கள் இரண்டு கூட்டத்தாரிடமிருந்து வந்தவை: அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஊழியர்கள், உயர்நிலைப்பள்ளி மாணவர்கள். ஊழியர்களின் எழுத்து தெளிவானது, மாணவர்களுடையது அப்படியல்ல. ஊழியர் எழுத்தில் பழக்கி மாணவர் எழுத்தில் சோதிப்பது என்பதுதான் முதல் ஏற்பாடு. அதில் வரும் மதிப்பெண்ணை நம்பி எதையும் முடிவுசெய்ய முடியாது என்பதால் இரண்டையும் கலந்தார்கள். பயிற்சிப் பகுதியில் எழுதியவர் சோதனைப் பகுதியில் வராதபடியும் பிரித்தார்கள். எந்த எண்ணை யார் எழுதியது என்ற பதிவு இல்லாதிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. நீரிழிவைக் கணிக்கப் பழகும் மாணவர்கள் 768 வரிசைகள் கொண்ட ஒரு கோப்பைத் திறப்பார்கள். அந்த 768 பேரும் பெண்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கீலா ஆற்றை ஒட்டி வாழும், 'பீமா' என்று வெளியார் அழைத்த அகிமெல் ஓஓதாம் மக்கள். ஆற்றுநீர் மேலே திருப்பப்பட்டு, விவசாயம் அழிந்து, உணவே மாறிப்போன ஒரு சமூகம். 1960களில் தொடங்கி அவர்களிடம் நீண்டகால மருத்துவ ஆய்வு நடந்தது. அதில் ஒரு துண்டு 1990இல் பொதுக் களஞ்சியத்துக்கு வந்தது. இன்று பல பாடங்களில் அது வெறும் 'நீரிழிவுத் தரவு'. சில வரிசைகளில் இரத்த அழுத்தம் 0 என்று இருக்கும். உயிரோடு இருப்பவருக்கு அது சாத்தியமில்லை. அளவு எடுக்கப்படவில்லை என்பதற்கு இட்ட 0 அது. இவர்கள் யார், எப்படி அளந்தார்கள் என்று தெரியாத மாணவர் அந்த 0-வையும் மாடலுக்கு ஊட்டிவிட்டு, வரும் விடை உலகத்துப் பெண்கள் எல்லோருக்கும் பொருந்தும் என்று எழுதிவைப்பார்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அந்த 768 பேரின் பெயர்கள் வெளியே வரவே கூடாது. நோயாளி விஷயத்தில் பெயரை மறைப்பதுதான் நன்றி. சமூகத்தின் பெயரும் ஆய்வின் வரலாறும் கோப்போடு வரவேண்டும், தனிநபர் அடையாளம் வரக்கூடாது. புகைப்படக்காரருக்கும் எழுத்தாளருக்கும் வேண்டியது பெயர். ஒவ்வொரு படமும் என்ன வகை என்று லேபிள் போடும் தொழிலாளிக்குப் பெயரைவிட முதலில் வேண்டியது கூலி. 2009இல் முதலில் வெளியாகிப் பிறகு 1.4 கோடி படங்களாக வளர்ந்த இமேஜ்நெட் என்ற தொகுப்பை வகை பிரிக்க, 167 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 49,000 பேர் இணையவழியில் துண்டு வேலை செய்தார்கள். ஒவ்வொருவர் பெயரையும் அச்சிடச் சொல்லவில்லை. எத்தனை பேர், எந்த வேலை, என்ன கூலி என்று தொகுப்பின் ஆவணத்தில் எழுதிவைக்க ஒரு பக்கம் போதும்.

நான் அடிக்கடி கேட்கும் சாக்கு ஒன்று உண்டு: 'மாடலுக்குள் போனபின் யார் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாதே!' பாதி சரி. ஒரு குறிப்பிட்ட விடைக்கு எந்தப் பயிற்சி வரி எவ்வளவு காரணம் என்று கணக்கிடும் முறைகள் வந்திருக்கின்றன. கூட்டாகச் செய்ததில் ஒவ்வொருவர் பங்கையும் கணக்கிடும், ஆட்டக் கோட்பாட்டின் ஷாப்லி மதிப்பைத் தரவுக்குப் பொருத்திப் பார்த்ததும் அதில் ஒன்று. பெரிய மாடல்களில் அவற்றைத் துல்லியமாக ஓட்டுவதற்கான செலவு கட்டுப்படியாகாது. ஆனால் பங்கைப் பிரிப்பது கடினம் என்பதால் பட்டியலே வைக்கமாட்டேன் என்பது என்ன வாதம்?

பட்டியல் வைத்த துறைகளும் இருக்கின்றன. புரதங்களின் முப்பரிமாண வடிவங்களைச் சேர்த்துவைக்கும் புரத அமைப்புகளின் வங்கி 1971இல் ஏழே அமைப்புகளோடு தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு, சமர்ப்பித்தவர்கள் பெயர். அங்கே சேர்ந்திருந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேலான அமைப்புகளிலிருந்து கற்றதுதான், புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு 2 என்ற மாடல். அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024 வேதியியல் நோபலில் பாதி கிடைத்தது. பதக்கத்தை ஆயிரக்கணக்கானோருக்குப் பிரித்துக் கொடுக்க முடியாதுதான். ஆனாலும் எந்த அமைப்பை யார் கண்டறிந்தார் என்று இன்றைக்கும் தேடி எடுக்கலாம். நியூசிலாந்தில் டெ ஹிகு என்ற மாவோரி ஊடக அமைப்பு 2018இல் பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கும் மேலான பேச்சைத் தன் மக்களிடமிருந்தே திரட்டியது. அதன் பலன் மாவோரி மக்களுக்குப் போகவேண்டும் என்று சொல்லும் உரிமத்தையும் தானே எழுதிக்கொண்டது.

தரவைத் தயாரிக்கும் சக தொழிலாளர்களுக்கு என் வேண்டுகோள் சின்னது. தரவு எங்கிருந்து, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லும் பத்தியை அழிக்காதீர்கள். மாடலுக்கு வேண்டாமென்றால் தனிக் கோப்பாக, வரிசை எண்ணோடு பக்கத்தில் வையுங்கள். தொகுப்பு எதற்காக, எப்படி உருவானது என்று பதிந்துவைக்க, ஆய்வாளர் டிம்னிட் கெப்ருவும் சகாக்களும் 2018இல் முன்வைத்த தரவுத்தொகுப்புக் குறிப்பேட்டின் கேள்விகளை வேலை தொடங்கும்போதே நிரப்புங்கள். முடித்தபின் நிரப்பினால் ஞாபகத்திலிருந்துதான் எழுதவேண்டிவரும். குரலோ படமோ எழுத்தோ கொடுக்கப்போகிறவர்கள் உரிமத்தின் பெயரைப் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமங்களில் சிசி0 என்றிருந்தால் பெயர் சொல்லவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. சிசி-பிஒய் என்றால் உண்டு.

பட்டியல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025இல் அமெரிக்காவில் ஒரு வழக்கு உதாரணமானது. திருட்டு நூலகங்களிலிருந்து நூல்களைத் தரவிறக்கிய வழக்கில், ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. நூல் ஒன்றுக்குச் சுமார் 3,000 டாலர். எந்தெந்த நூல்கள் என்று ஒரு பட்டியல் போட முடிந்ததால்தான் இப்படிக் கணக்கிட முடிந்தது. அதில் சேர நூலுக்கு ஐஎஸ்பிஎன் போன்ற ஓர் எண் வேண்டும், உரிய காலத்துக்குள் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவும் வேண்டும். அந்த இரண்டில் ஒன்று இல்லாத நூல்களை எழுதியவர்களுக்கு அந்த உடன்பாட்டில் பங்கு இல்லை.