புகையிலிருந்து பிரிந்த சாம்பல்

காரைக்குடிக்கு அருகே வீடு கட்டத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர், சுவருக்கு, அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலில் செய்யும் ஃப்ளை ஆஷ் கல் வாங்கலாம் என்று மேஸ்திரி சொன்னதாகவும், புகையோடு பறந்துபோகும் சாம்பலை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பது தமக்கு விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தார்.

நிலக்கரியை மாவாக அரைத்து எரித்து, நீராவியால் டர்பைனைச் சுழற்றுவது பள்ளியில் படித்ததுதான் என்பதால் அளவுகளை மட்டும் சொல்கிறேன். தூத்துக்குடி அனல்மின் நிலையம் தலா 210 மெகாவாட் திறனுள்ள 5 அலகுகளோடு அமைக்கப்பட்டது. அத்தகைய ஓர் அலகு நாள் முழுவதும் முழுத் திறனில் ஓடினால் 50 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். நம் நாட்டு நிலக்கரியில் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் செலவாவதால், ஒரு நாளில் 3,500 டன் எரிந்து, 1,200 டன் அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் கொதிகலனின் அடியில் விழுகிறது. மற்றதெல்லாம் புகையோடு கிளம்பிவிடுகிறது.

அதை வழிமறிப்பது நிலைமின் வீழ்படிவாக்கி. மின் நிலையத்தில் பணிபுரிவோர் சுருக்கமாக ஈ.எஸ்.பி. என்பார்கள். வீட்டைவிடப் பெரிய இரும்பு அறைக்குள், ஓர் அடிக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இடைவெளி விட்டு உயரமான தகடுகள் வரிசையாகத் தொங்குகின்றன. இடையில் மெல்லிய கம்பிகளுக்குப் பல்லாயிரம் வோல்ட் எதிர்மின்னழுத்தம் தரப்படுகிறது. இடிதாங்கிப் பாடத்தில் வரும் ஒளிவட்ட மின்னிறக்கம் இங்கே ஓயாமல் நடக்கிறது. கம்பியிலிருந்து பெருகும் எலக்ட்ரான்கள் வளி மூலக்கூறுகளில் ஒட்ட, அவை சாம்பல் துகளில் போய் அமர, அந்தத் துகள் புவியோடு இணைந்த தகட்டை நோக்கி இழுபட்டு ஒட்டிக்கொள்கிறது. படிந்ததைச் சுத்தியல்கள் தட்டி உதிர்க்கின்றன. அவசரப்பட்டுத் தட்டினால் சாம்பல் தூசியாகக் கிளம்பி மறுபடி புகையில் கலந்துவிடும் என்பதால், அடையாகத் திரளும்வரை பொறுத்துத் தட்டுவார்கள். அப்போது அது பொருக்கு பெயர்ந்தாற்போல் கீழுள்ள தொட்டியில் சரியும். நல்ல பராமரிப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் இப்படிச் சிக்கிவிடுகிறது.

இதில் என்னை வியக்கவைப்பது கந்தகத்தின் பங்கு. கந்தகம் மிகுந்த நிலக்கரியை எரித்தால் அதன் ஆக்சைடு துகள்களின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து மின்சுமையைத் தகட்டுக்குக் கடத்திவிடும். நம் நிலக்கரியிலோ கந்தகம் குறைவு. காற்றுக்கு அது நல்லதுதான். ஆனால் சாம்பல் மின்சாரத்தைக் கடத்த மறுப்பதால், தகட்டில் படிந்த படலத்திலேயே சுமை தேங்கி, பின்னால் வரும் துகள்களைப் பிடிக்கும் வேலையைக் கெடுக்கிறது. ஆகவே நம் நாட்டில் இந்த அறைகளை இன்னும் பெரிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது.

கரியமில வாயு மட்டும் இதில் சிக்காது. அதன் மூலக்கூறு சுமையேறித் தகட்டைத் தொட்டாலும், சுமையைக் கொடுத்துவிட்டு வளியாகவே திரும்பிவிடும். 12 கிராம் கார்பனோடு 32 கிராம் ஆக்சிஜன் சேர்வதால், 700 கிராம் நிலக்கரி ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவாகிறது. இந்தக் கருவிக்கு 1908இல் காப்புரிமை பெற்ற அமெரிக்க வேதியியலர் ஃபிரடெரிக் காட்ரெல், அதன் வருவாயைத் தாம் வைத்துக்கொள்ளாமல், 1912இல் ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். நம் ஊரில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் 1953இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் திறக்கப்பட்டது. கரியமில வாயுவைப் பிடிக்கும் ஆராய்ச்சிக்கு அரசும் செல்வர்களும் அதே மனத்தோடு கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சாம்பலில் வீடு கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று எங்கள் தெரு ஆச்சி ஒருவர் வருந்திச் சொன்னார். திருநீறும் சாம்பல்தானே ஆச்சி என்றேன். சாம்பலைக் கொஞ்சம் விரலில் தேய்த்துக் காட்டினேன். கோலமாவைப் போல் நறநறக்காமல் வழுக்கியது. உலைச் சூட்டில் உருகிய மண், காற்றில் மிதந்தபடியே உருண்டு இறுகிய கண்ணாடி மணிகள் அவை. பழைய கட்டடங்களில் சுண்ணாம்போடு செங்கல் தூளைக் கலந்தபோது என்ன வினை நடந்ததோ, அதுவேதான் சாம்பலுக்கும் சுண்ணாம்புக்கும் இடையே ஈரத்தில் நடக்கிறது. அது வாரக்கணக்கில் மெல்ல நடப்பதால், வாசகர் கல் வாங்கும்போது எந்தத் தேதியில் வார்த்தது, எத்தனை நாள் தண்ணீர் விட்டு நனைத்தது என்று கேட்டு வாங்கட்டும்.