228 கிலோமீற்றர் எங்கே போனது?

போன மாதம் காரைதீவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் நிசான் லீஃப் மின்சாரக் காரோடு மட்டக்களப்பில் உள்ள எங்கள் கராஜுக்கு வந்தார். "தம்பி, ஒரு சார்ஜில 228 கிலோமீற்றர் ஓடும் எண்டுதான் வித்தாங்க. இங்க வந்து திரும்பிப் போறதுக்கே நெஞ்சு பதறுது. மோட்டரில ஏதும் பழுதோ?" என்று கேட்டார்.

மோட்டர் நன்றாகவே இருந்தது. அந்த 228உம் கட்டிய கதையல்ல. அது என்ன எண் என்பதை மட்டும் விற்றவர்கள் சொல்லவில்லை. பாவம், சேர் ஓய்வூதியப் பணத்தில் வாங்கிய கார் அது.

பற்றரியின் கொள்ளளவைக் கிலோவாற் மணியில் சொல்வார்கள். வீட்டு மின்பட்டியலில் வரும் ஓர் அலகும் அதுவும் ஒன்றுதான். சேருடைய கார் 24 அலகுப் பற்றரி கொண்டது. புதிதாக இருந்த காலத்திலேயே அதில் 21, 22 அலகு வரைதான் ஓட்டத்துக்குக் கிடைக்கும். மிச்சம் பற்றரியின் பாதுகாப்புக்காக ஒதுக்கப்பட்டது.

228 என்பது ஜப்பானின் ஜேசி08 சோதனையில் வந்த எண். உருளையின் மேல் காரை நிறுத்தி, ஏசி போடாமல், மணிக்குச் சராசரி 24 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். அதே 24 அலகுக் காருக்கு அமெரிக்க அரசு 2014இல் கொடுத்த தூரம் சுமார் 135 கிலோமீற்றர். 228ஐ 24ஆல் வகுத்தால் அலகுக்கு ஒன்பதரைக் கிலோமீற்றர் வருகிறது. கல்முனை வீதியில் ஏசியோடு ஓடிவரும் லீஃப்களின் திரையில் நான் வழக்கமாகக் காண்பது ஆறு, ஆறரை, மிஞ்சினால் ஏழு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பொலன்னறுவைப் பக்கம் போனால் எதிர்காற்று அதையும் குறைத்துவிடும்.

அடுத்தது பற்றரியின் வயது. லீஃபின் சார்ஜ் காட்டிக்கு அருகே 12 சின்னக் கோடுகள் இருக்கும். முதற்கோடு மறையும்போதே கொள்ளளவில் ஏறக்குறைய 15 வீதம் போயிருக்கும். அதன்பிறகு கோட்டுக்கு ஆறு வீதம் அளவில் குறையும். சேருடைய காரில் ஒன்பது கோடுகள். அப்படியென்றால் மிஞ்சியிருப்பது 70 வீதம் அளவு, ஓட்டத்துக்குக் கிடைப்பது 15 அலகு. ஆறால் பெருக்கினால் 90 கிலோமீற்றர். மட்டக்களப்புக்கு வந்துபோக ஏறக்குறைய 85 வேண்டும். நெஞ்சு பதறாமல் என்ன செய்யும்?

கோடுகளை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். கருவி கொண்டு அந்தக் கணக்கை அழித்து, தேய்ந்த பற்றரிக்கும் 12 கோடு காட்ட வைக்கலாம். கொஞ்ச நாள் ஓடிய பிறகுதான் உண்மை வெளிவரும். காசு கொடுக்குமுன் ஸ்கேனர் போட்டு பற்றரியின் ஆரோக்கிய வீதத்தைப் பாருங்கள், ஏசியோடு முப்பது நாற்பது கிலோமீற்றராவது ஓட்டிப் பாருங்கள். லீஃபின் பற்றரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு கிடையாது. அதனால் நிறையச் சார்ஜ் ஏற்றி எங்கள் சித்திரை வெயிலில் நாள்முழுக்க நிறுத்தி வைப்பது அதற்கு ஆகாது.

அமெரிக்காவில் புதுக் காரில் ஒட்டும் அரசாங்கச் சீட்டில் இன்னொரு எண் பலரைக் குழப்புகிறது. அதே லீஃப் 100 கிலோமீற்றருக்கு சுமார் 18.6 அலகு எடுக்கும் என்று இருக்கும். அந்தக் கணக்கில் 135 கிலோமீற்றர் ஓட 25 அலகு வேண்டும், பற்றரியோ 24தான்! சுவர் பிளக்கிலிருந்து பற்றரிக்குப் போகும் வழியில் வீணாகும் மின்சாரத்தையும் அவர்கள் சேர்த்து எண்ணுகிறார்கள். மின்பட்டியலைக் கணக்கிட அந்த எண் சரி. தூரத்தைக் கணக்கிட அதை எடுக்க வேண்டாம்.

2025இல் இலங்கையில் வாகன இறக்குமதி திறந்த பிறகு புதுக் கார் வாங்க நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 60.48 அலகுப் பற்றரி கொண்ட பிவைடி அட்டோ 3க்குச் சீனச் சோதனையில் 510, பழைய ஐரோப்பிய முறையில் 480, இப்போதைய ஐரோப்பிய முறையான டபிள்யூஎல்டிபியில் 420 கிலோமீற்றர். மூன்றும் ஒரே பற்றரிதான். விளம்பரத்தில் எந்த எண் என்று கேளுங்கள். டபிள்யூஎல்டிபியைக் கேட்டு வாங்கி, அதிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

சேர் இப்போது மட்டக்களப்புக்கு வந்தால் கல்லடியில் மகள் வீட்டில் இரண்டு மணித்தியாலம் சார்ஜில் போடுகிறார். ஐந்து அலகு ஏறும். முப்பது கிலோமீற்றர் கூடுதலாகக் கையில் இருக்க, ஏசியும் போட்டுக்கொண்டே ஊர் போய்ச் சேருகிறார்.