குழந்தைகளின் பெயர்கள் எப்படிப் பழசாகின்றன?

2010 வாக்கில் அமெரிக்காவில் பிறந்த ஆண் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் 'ன்' என்று முடியும் பெயர்கள்தான். ஜேடன், எய்டன், மேசன், லோகன், ஈத்தன். பெற்றோர்கள் கூடிப் பேசி இப்படி முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் மாதக்கணக்கில் யோசித்து, பட்டியல் போட்டு, அடித்து, மறுபடி எழுதி, நம் பிள்ளைக்கென்றே அமைந்த பெயர் இது என்று நம்பித்தான் வைத்திருப்பார்கள். அப்படியிருந்தும் அத்தனை பேரும் ஒரே பக்கம் போய் நின்றது எப்படி?

சட்டையோ செல்போனோ பிரபலமானால் பின்னால் ஒரு கம்பெனியும் விளம்பரச் செலவும் இருக்கும். பெயருக்கு அதெல்லாம் கிடையாது. எந்தப் பெயரை வைத்தாலும் செலவு ஒன்றுதான். அதோடு அரசுப் பதிவேடுகளில் நூறு வருடத்துக்கும் மேலான கணக்கு இருக்கிறது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் துறை வெளியிடும் பட்டியல் 1880இல் பிறந்தவர்களிடமிருந்தே தொடங்குகிறது. மனிதர்களின் ரசனை யாரும் தள்ளிவிடாமலே எப்படி நகர்கிறது என்று பார்க்க இதைவிடச் சுத்தமான தரவு கிடைப்பது கஷ்டம்.

எல்லாருக்கும் சட்டென்று தோன்றும் காரணம் நட்சத்திரங்கள். ஒரு நடிகை பிரபலமானால் ஊரெல்லாம் அவர் பெயர் என்று நினைக்கிறோம். சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் இதைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். மர்லின் என்ற பெயர் அமெரிக்காவில் உச்சத்தில் இருந்தது 1930களில். மர்லின் மன்றோ அந்தப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது 1946இல். அவர் பெரிய நட்சத்திரமாக இருந்த 1950களில் அந்தப் பெயர் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது, அவர் புகழ் அதைத் தூக்கி நிறுத்தவில்லை. நட்சத்திரங்களும் அவர்களுக்குப் பெயர் தேடித் தருபவர்களும் அந்தக் காலத்துக் காதுக்குப் பிடித்ததைத்தான் எடுக்கிறார்கள், அதனால் பல நேரங்களில் காரணமும் விளைவும் நமக்கு இடம் மாறித் தெரிகிறது.

லீபர்சன் சொன்ன விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. புதுப் பெயர் வேண்டும், ஆனால் விசித்திரமாக இருக்கக்கூடாது என்றுதான் பெரும்பாலோர் தேடுகிறார்கள். அதனால் ஏற்கெனவே காதில் விழும் பெயர்களிலிருந்து ஒரே ஒரு அடி தள்ளிப் போகிறார்கள்: ஒரு எழுத்தை மாற்றுவது, பழைய முடிவுக்குப் புது ஆரம்பம் வைப்பது. எய்டன் பிரபலமானால் அடுத்தவர் ஜேடன் வைப்பார், அதற்கடுத்தவர் பிரேடன், கேடன். ஒவ்வொருவரும் வித்தியாசமாகத்தான் செய்தார்கள், ஒரே திசையில் வித்தியாசமாக.

பெயரைவிட ஒலிதான் வேகமாகப் பரவுகிறது என்பதற்கு ஒரு சோகமான சாட்சி உண்டு. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை அழித்தது. அதற்குப் பிறகு கத்ரீனா என்ற பெயரை வைப்பது மளமளவென்று குறைந்தது, அது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஆனால் ஜோனா பெர்கரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் கவனித்தது வேறு: 'க' ஒலியில் தொடங்கும் பெயர்கள் சுமார் 9 சதவீதம் கூடின. நாள்தோறும் செய்தியில் அந்த ஒலி காதில் விழுந்துகொண்டே இருந்தது. பேரழிவின் நினைவு முழுப் பெயரோடு ஒட்டிக்கொண்டது, ஒலி மட்டும் தனியாகக் கழன்று வந்து, இன்ன காரணம் என்று தெரியாமலே பிடித்துப்போனது.

சரி, சினிமாவுக்குப் பங்கே இல்லையா? உண்டு, களம் தயாராக இருந்தால். 1984இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தில் கடற்கன்னி ஒருத்தி நியூயார்க் தெருவில் நடக்கும்போது மாடிசன் அவென்யூ என்ற பலகையைப் பார்த்து அதையே தன் பெயராக எடுத்துக்கொள்வாள். அதெல்லாம் ஒரு பெயரா என்று கதாநாயகன் கேட்பது அன்றைய பார்வையாளர்களுக்கு நகைச்சுவை, ஏனென்றால் பெண்களுக்கு அந்தப் பெயர் அநேகமாக இருக்கவே இல்லை. 2001இல் அது பெண் குழந்தைப் பெயர்களில் இரண்டாமிடம். குடும்பப் பெயர் போல ஒலிப்பவற்றைப் பெண்களுக்கு வைக்கும் பழக்கம் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது, அதில் இது அழகாகப் பொருந்தியது.

அப்புறம் ஏன் விழுகின்றன? பெர்கரும் கேல் லெ மென்ஸும் பிரான்ஸ், அமெரிக்கா இரண்டின் நூறாண்டுக் கணக்கையும் எடுத்துப் பார்த்து 2009இல் சொன்ன விடை: வேகமாக ஏறிய பெயர் வேகமாக இறங்கும். குழந்தை பிறக்கப்போகும் பெற்றோரிடம் கேட்டதில், திடீரென்று ஏறும் பெயர்களை இது கொஞ்ச நாள் மோகம் என்று அவர்கள் ஒதுக்கியதும் தெரிந்தது. பிரான்சில் வேகமாக ஏறி 1990களின் தொடக்கத்தில் முதலிடத்தில் இருந்த கெவின் அதற்கு நல்ல உதாரணம், பத்தே வருடத்தில் அது அடங்கிவிட்டது. ஜெர்மனியில் இதே பெயர் இன்னும் மோசமான நிலைக்குப் போனது. ஆசிரியர்களிடம் 2009இல் நடந்த ஓர் ஆய்வில், கெவின் என்ற பெயரைக் கேட்டதுமே குறும்புக்காரன், படிப்பில் சுமார் என்று பலர் முன்கூட்டியே நினைத்தது வெளிவந்தது. பிள்ளை வகுப்புக்குள் கால் வைக்கும் முன்பே பெயர் அவனைப் பற்றிப் பேசிவிடுகிறது, இது வருத்தமான விஷயம்.

மெதுவாகப் போன பெயர்களில் சில திரும்பி வருகின்றன. எம்மா 1880இல் அமெரிக்காவில் மூன்றாமிடம், 1970களில் நானூறாவது இடத்துக்கும் கீழே, 2014 முதல் 2018 வரை முதலிடம். அம்மாவின் தோழிகளின் பெயர்கள் நமக்கு வயதானவையாகத் தெரியும், பாட்டிகளின் பெயர்கள் ரொம்பப் பழசு. அதற்கும் முந்தைய தலைமுறையில் அந்தப் பெயரைத் தாங்கியவர்களை நாம் நேரில் பார்த்திருக்கவே மாட்டோம், எனவே முதுமையின் சாயல் ஒட்டாமல் அது புதுப் பெயராகவே காதில் விழுகிறது.

இன்றைக்கு உச்சியே மெலிந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1880இல் அமெரிக்க ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு எட்டு பேர் ஜான். இப்போது முதலிடத்தில் இருக்கும் லியாம் நூற்றுக்கு ஒருவர்தான். வகுப்பில் தன் பிள்ளை பெயரில் இன்னொருவர் இருக்கக்கூடாது என்று நினைப்பவர்கள் தரவரிசைப் பட்டியலை இணையத்தில் பார்த்தே விலகிவிடுகிறார்கள். ஆனால் தரவரிசை சொல்வது பாதிதான். ஒரு பெயர் சீக்கிரம் பழசாகுமா என்று தெரிய வேண்டுமானால் அது இன்றைக்கு எத்தனையாவது இடம் என்று பார்ப்பதைவிட, கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை படி தாவியிருக்கிறது என்று பாருங்கள். ஐம்பதாவது இடத்தில் வெகுநாளாக அசையாமல் இருப்பதைவிட, ஐந்நூறிலிருந்து எண்பதுக்கு ஒரே மூச்சில் வந்த பெயர்தான் பிறந்த வருடத்தை நெற்றியில் ஒட்டிவிடும்.