இருமல் எத்தனை நாள் இருக்கும்?

போன மார்கழியில் ஒரு அண்ணன் மூன்று மருந்துச் சீட்டுகளோடு என் கிளினிக்குக்கு வந்தார். மூன்றும் மூன்று டாக்டர்கள் எழுதியவை. இருமல் தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. முதல் டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தார், நிற்கவில்லை. இரண்டாமவர் அதை மாற்றி வேறொன்று எழுதி, ஊசியும் போட்டார். மூன்றாமவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இன்னும் வீரியமான மாத்திரை எழுதியிருந்தார். "நீங்களாவது கேக்குற மருந்தா குடுங்க டாக்டரம்மா" என்றார்.

காய்ச்சல் இல்லை. மூச்சு வாங்கவில்லை. பசி இருக்கிறது, எடை குறையவில்லை. சளி பிடித்து, சளி போய், இருமல் மட்டும் தங்கிவிட்டது. "இன்னும் ஒரு வாரம் போல இருக்கும்ண்ணே, தானா நின்னுடும்" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. நாலாவது ஆளும் கைவிரித்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

நான் சொன்ன "ஒரு வாரம்" வாய்க்கு வந்த கணக்கு அல்ல. 2013-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மார்க் எபெல் என்ற குடும்ப மருத்துவரும் அவர் குழுவினரும் ஒரு எளிய வேலை செய்தார்கள். சாதாரண இருமல் எத்தனை நாள் இருக்கும் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள். 7 முதல் 9 நாள் என்று பதில் வந்தது. அப்புறம் மருந்தில்லாமல் கவனிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றிய பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டார்கள். சராசரி கிட்டத்தட்ட 18 நாள்.

எட்டாம் நாள் பொறுமை போகிறது, பதினெட்டாம் நாள்தான் இருமல் போகிறது. ஆன்டிபயாடிக் விற்பதெல்லாம் இந்தப் பத்து நாள் இடைவெளியில்தான். பன்னிரண்டாம் நாள் ஒருவர் மாத்திரை எழுதுகிறார், பதினேழாம் நாள் இருமல் நிற்கிறது. கைராசி டாக்டர் என்று பெயர் கிடைத்துவிடுகிறது. அதே 2013-ல் ஐரோப்பாவில் 12 நாடுகளின் குடும்ப மருத்துவர்கள் சேர்ந்து, நெஞ்சுச் சளியோடு வந்த 2,061 பேரில் பாதிப் பேருக்கு அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். இவர்கள் நிமோனியா இருக்கும் என்று டாக்டர்கள் சந்தேகப்படாதவர்கள். தொந்தரவு நீடித்த நாட்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அமாக்ஸிசிலின் சாப்பிட்டவர்களுக்குக் குமட்டல், பேதி, தடிப்பு மட்டும் கூடுதல்.

சரி, அந்தப் பதினெட்டை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்து விடலாமா? முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டுக் காசநோய்த் திட்டத்தின் விதி. மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. ஜார்ஜியாவில் பதினைந்தாம் நாள் இருமுகிறவருக்குத் தைரியம் சொல்லி அனுப்பலாம். திண்டுக்கல் பக்கம் அதே பதினைந்தாம் நாள் நான் சளிக் குப்பியைக் கையில் கொடுத்தாக வேண்டும். நம் ஊர் சாதாரண இருமல் எத்தனை நாள் இருக்கும், அதில் எத்தனை காசநோயாக முடியும் என்பதை நம் ஊர் கிளினிக்கில் உட்கார்ந்து எண்ணினால்தான் தெரியும். இதைத்தான் குடும்ப மருத்துவ ஆராய்ச்சி என்கிறோம். வெள்ளை எலி, மைக்ராஸ்கோப் எதுவும் இதில் வராது.

நாங்கள் படித்த பாடப் புத்தகங்கள் பெரிய ஆஸ்பத்திரி வார்டுகளில் பிறந்தவை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது நான் பார்த்த தலைவலிகளில் பாதி மூளைக் கட்டி. அந்தப் பயத்தோடு கிளினிக் திறந்து, முதல் இரண்டு வருடம் தலைவலி என்று வந்தவர்களையெல்லாம் ஸ்கேன் எடுக்க மதுரைக்கு அனுப்பினேன். எத்தனை பேருடைய நாள்கூலியைக் கரைத்தேனோ தெரியவில்லை. வார்டுக்கு வந்து சேரும் தலைவலி, பத்து இடத்தில் சலிக்கப்பட்டு மிஞ்சிய தலைவலி. என் கிளினிக் வாசலில் நிற்பது சலிக்காத தலைவலி. 1961-ல் கெர் வைட் என்பவரும் சகாக்களும் இதை எண்ணிக் காட்டினார்கள். பெரியவர்கள் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உடம்புக்கு வருகிறது. 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போவது 1 ஆள். அந்த ஒரே ஆளை வைத்துத்தான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள்!

எண்ணிப் பார்க்கிற வழக்கத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வில்லியம் பிக்கிள்ஸ். இங்கிலாந்தின் யார்க்ஷயரில், வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் இருந்த கிராமத்து டாக்டர். 1929-ல் அங்கே மஞ்சள் காமாலை பரவியது. தொற்று உடம்பில் புகுந்து எத்தனை நாள் கழித்துக் கண் மஞ்சளாகும் என்று அப்போது சரியாகத் தெரியாது. நகரத்து டாக்டருக்கு அதைக் கண்டுபிடிக்க வழியும் கிடையாது, யார் யாரோடு பழகினார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பிக்கிள்ஸுக்குத் தெரியும். காமாலையோடு ஒரு பெண் படுத்திருந்ததை அவர் ஒருநாள் காலையில் பார்த்துவிட்டு வந்தார். அன்று ஊர்த் திருவிழா. அந்தப் பெண் எழுந்து திருவிழாவுக்குப் போய்விட்டாள். அவர் எதிர்பார்க்கவே இல்லை. அங்கே அவளோடு பழகியவர்களுக்கு அடுத்தடுத்துக் காமாலை வந்தபோது, திருவிழா நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினார். சுமார் ஒரு மாதம். கையில் இருந்தது ஒரு நோட்டும் ஊர் நடப்பும்தான். 1939-ல் இதையெல்லாம் புத்தகமாக எழுதினார். பிற்பாடு பிரிட்டனில் பொது மருத்துவர்களுக்கென்று ஒரு கல்லூரி தொடங்கியபோது அவரைத்தான் முதல் தலைவராக்கினார்கள்.

நம் ஊரில் யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போனார்கள், எந்தப் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்பது டாக்டரைவிட கம்பவுண்டருக்கு நன்றாகத் தெரியும். எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை.

இரத்த அழுத்தத்தின் கதையும் இப்படித்தான். வேல்ஸில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் டாக்டராக இருந்தார். ஊரில் சுமார் 2,000 பேர். 1960-களின் கடைசியில், என்ன காரணத்துக்காகக் கிளினிக்குக்கு வந்தாலும் பிரஷர் பார்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டார். வராதவர்களைத் தேடிப் போனார். ஊரின் பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் பார்த்து முடித்தார். பிரஷர் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது, தெரிந்தவர்களில் பாதிப் பேர் மருந்து எடுப்பதில்லை, எடுப்பவர்களில் பாதிப் பேருக்குக் கட்டுக்குள் இல்லை என்று ஒரு கணக்கு உண்டு. "பாதி விதி" என்பார்கள். இது வெள்ளைக்காரர் ஊர்க் கணக்கு என்று தள்ளிவிட முடியாது. சென்னையில் தி.நகரிலும் திருமங்கலத்திலும் வீடு வீடாகச் செய்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது. அங்கேயும் பாதி விதி பொருந்தித்தான் இருந்தது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்தபோது எனக்கு டியூடர் ஹார்ட்தான் நினைவுக்கு வந்தார்.

அதனால்தான் முள் குத்திய காலைக் காட்ட வந்தாலும் என் கிளினிக்கில் நர்ஸ் கையில் பட்டையைச் சுற்றுவார். "கால்ல தானம்மா முள்ளு" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. சிரித்துக்கொண்டே கையை நீட்டினால் போதும்.

டாக்டர் பேசும் பேச்சையும் ஆராய்ந்திருக்கிறார்கள். நோயாளி வந்த காரணத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் குடும்ப மருத்துவர்கள் சராசரியாக எத்தனை நொடியில் குறுக்கிடுகிறார்கள் என்று 1999-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு அளந்தது. 23 நொடி. குறுக்கிடாமல் சொல்லி முடிக்க விட்டவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்பட்டது வெறும் 6 நொடி! படித்துவிட்டு நான் கொஞ்சம் கூனிக்குறுகித்தான் போனேன். டோக்கன் ஐம்பதைத் தாண்டும் நாட்களில் என் கணக்கு 23-ஐத் தொடாது.

2007-ல் இன்னொன்று வந்தது. ஆங்கிலத்தில் "வேறு ஏதாவது" என்று கேட்க இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ("எனி") "இல்லை" என்ற பதிலை எதிர்பார்க்கும், மற்றது ("சம்") "ஆமாம்" என்பதை. இரண்டாவதைச் சொல்லிக் கேட்டபோது, நோயாளிகள் சொல்லாமலே எடுத்துப்போகும் குறைகள் பெருமளவு குறைந்தன. முதலாவதால் பெரிதாகப் பயன் இல்லை. தமிழில் அந்த இரட்டைச் சொல் இல்லை. ஆனால் "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பதற்கும் "வேற என்ன பண்ணுது?" என்று கேட்பதற்கும் எவ்வளவு தூரம்! முதல் கேள்வி கதவைச் சாத்திக்கொண்டே கேட்பது. நான் இரண்டாவதற்கு மாறிய பிறகு, சீட்டை மடித்துக்கொண்டு எழுந்தவர்கள் மறுபடி உட்கார்கிறார்கள். வெள்ளைப்படுதல், சிறுநீர் கசிவு, வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிப்பது எல்லாம் அப்போதுதான் வெளியே வருகின்றன. தமிழில் இதை யாராவது ஒழுங்காக ஆய்வு செய்தால் நன்றாக இருக்கும். என்னுடையது அனுபவம்தான், ஆய்வு இல்லை.

ஒரே டாக்டரிடம் தொடர்ந்து போவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நார்வேயில் எல்லோருக்கும் பெயர் குறித்த டாக்டர் உண்டு. அங்கே ஒரே டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களை, ஒரு வருடம் மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்ட நாள் ஒரே டாக்டரிடம் இருந்தவர்களிடையே இறப்பு சுமார் கால் பங்கு குறைவு. இதை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் மூன்று சீட்டு அண்ணன்களுக்குச் சொல்லி வைக்கலாம்.

போன வருடம் ஒரு மருத்துவக் கல்லூரிக் குழு எங்கள் பகுதியில் ஆய்வுக்கு வந்தபோது, ஒரு பெரியம்மா என்னிடம் ரகசியமாகக் கேட்டார், "எங்கள வச்சு சோதன பண்றாங்களா?" கேட்க வேண்டிய கேள்விதான். குடும்ப மருத்துவத்தில் நடக்கும் ஆய்வுகளில் பெரும்பாலானவை புது மருந்தைப் பற்றியவை அல்ல, எண்ணுவது, கேட்பது, பின்தொடர்வது. இருந்தாலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் உங்களுக்கு உரிமைகள் கொடுத்திருக்கின்றன. என்ன ஆய்வு என்று உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். முடியாது என்று நீங்கள் சொல்லலாம், நடுவிலும் விலகலாம், அதனால் உங்கள் சிகிச்சையில் ஒரு குறையும் வரக் கூடாது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்து தரும் ஆய்வென்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். ஆய்வில் சேர உங்களிடமே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பெரியம்மா விவரம் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பக்கத்து வீட்டு அக்கா மாட்டேன் என்றார். இரண்டும் சரி.

என் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. இருமலோடு வருகிறவர்களின் வயது, தொடங்கிய தேதி, என்ன வேலை, நின்ற தேதி. எங்கள் பக்கம் நூற்பாலைகள் அதிகம். வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில்தான் நெஞ்சு இறுக்குகிறது என்று சில பெண்கள் சொன்னார்கள். பருத்தித் தூசி நோயின் பழைய அடையாளம் அது, புத்தகத்தில் இருக்கிறது. அதனால் "எந்தக் கிழமை கூடுதல்?" என்று ஒரு கட்டமும் இப்போது சேர்த்திருக்கிறேன்.

அந்த அண்ணனுக்கு ஆன்டிபயாடிக் எழுதவில்லை. பதினான்காம் நாளும் இருமல் நிற்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். கொடுத்தார், காசநோய் இல்லை. தை பிறந்து மகளின் காய்ச்சலுக்காக வந்தவரிடம் இருமல் என்னாச்சு என்று கேட்டேன்.

"அது நின்னு நாளாச்சு டாக்டரம்மா. அந்த மூணாவது டாக்டர் குடுத்த மாத்திரை லேட்டா கேட்டிருக்கு."

எந்தத் தேதியில் நின்றது என்று விசாரித்து, நோட்டில் 19 என்று எழுதிக்கொண்டேன்.